செம்மண் கலந்த சாம்பல்: தளியில் நிலக்காட்சி வரையக் கற்பது

ஓசூரின் நிலக்காட்சி ஒன்று லண்டனில் அச்சாகி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி, பாராமகால் என்ற பகுதி வழியாக மைசூர்ச் சீமைக்குப் போனார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. பாராமகால் அப்போதுதான் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியிருந்தது. வழியில் கண்ட மலைக்கோட்டைகளையும் ஊர்களையும், வெளிக்காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் கேமரா அப்ஸ்குரா என்ற பெட்டியின் துணையோடு பென்சிலில் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து திரும்பிய பிறகு அவை அச்சுப்படங்களாயின. 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ வரிசையின் 144 படங்களுள் ஓசூரும் இராயக்கோட்டையும் இடம்பெற்றன.

அந்தப் படங்கள் அச்சான முறையை நிலக்காட்சி வரையக் கற்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். அக்வாடின்ட் என்பது அதன் பெயர். செப்புத் தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடேற்றி ஒட்டவைப்பார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் கட்டம் கட்டமாக அரிக்கவிடுவார்கள். கொஞ்சம் அரித்த இடம் வெளிறி அச்சாகும், அதிகம் அரித்த இடம் அடர்ந்து அச்சாகும். முழுப்படமும் இப்படிச் சாம்பலின் நாலைந்து படிகளால் உருவான பிறகுதான் அதன்மேல் மெல்லிய நிறத்தைக் கையால் பூசுவார்கள். வெளிச்ச அளவு முதலில், நிறம் பிறகு. மங்கலான, மூட்டம் படிந்த நிலக்காட்சி ஒன்றை வரைய முயலும் எவருக்கும் இந்த வரிசைதான் அடிப்படை. பெரும்பாலான ஆரம்பநிலை ஓவியர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வயல் பச்சை, வானம் நீலம், மண் சிவப்பு என்று நிறத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அதில் மூட்டத்தைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். அப்படிச் சேர்த்த மூட்டம் படத்தின்மேல் ஒட்டிய வெள்ளைத் தாளாகத்தான் தெரியும்.

டேனியல்களின் படங்களிலிருந்து கற்கக்கூடாத ஒன்றும் உண்டு. அவர்கள் இந்த நிலத்தை இங்கிலாந்தின் ‘பிக்சரெஸ்க்’ மரபில் பழகிய கண்ணோடு பார்த்தார்கள். அது காட்சியைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்குபடுத்தி, மென்மையாக்கிக் காட்டும் மரபு. ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தளிக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்ற பட்டப்பெயர் வந்ததும் இதே பார்வையின் தொடர்ச்சி. குளிரும் குன்றுகளும் கண்ட வெள்ளை அதிகாரிகளுக்குச் சொந்த ஊர் நினைவு வந்திருக்கலாம். இன்று சுற்றுலாப் பக்கங்களெல்லாம் அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்கின்றன. தளியை வரையப் போகிறவருக்கு இதைவிடத் தவறான வழிகாட்டி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. தளியின் மூட்டம் இங்கிலாந்தின் மூட்டமில்லை, அதன் சாம்பலும் வேறு சாம்பல்.

நிலத்தைப் பார்ப்போம். ஓசூரிலிருந்து மத்திகிரி, பேளகொண்டப்பள்ளி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் போனால் தளி. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே, மைசூர்ப் பீடபூமி தமிழ்நாட்டுக்குள் நீண்டு முடியும் விளிம்பில் இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் எல்லை ஊர். ஏரி, அதன் கரையில் புளியும் புங்கமும், மேட்டு நிலத்தில் ராகி, ராகியின் ஊடே மொச்சையும் கடுகும், வரப்போரம் சில்வர் ஓக்கும் தைலமரமும், தெற்கே ஜவளகிரிக் காடு. எங்கும் செம்மண். மண்ணைப் பிளந்துகொண்டு நிற்கும் பாறை சாம்பல் நிறம், சில இடங்களில் இளஞ்சிவப்பு ஓடியது. ராகி அறுவடை முடியும் மார்கழியில் தாளடி பழுப்பேறி, மண்ணின் சிவப்பு அதனூடே மங்கித் தெரியும். இந்த நிலத்தின் அடிப்படை நிறம் சூடானது. அதன்மேல் குளிர்ந்த காற்றும் ஈரமும் உட்காரும்போது கிடைக்கும் சாம்பல், உள்ளே சிவப்பை வைத்துக்கொண்டிருக்கும்.

ஆங்கிலேய நீர்வண்ணப் பெட்டிகளில் ‘பெய்ன்ஸ் கிரே’ என்ற ஒரு சாம்பல் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் பெய்ன் என்ற நீர்வண்ண ஓவியர் தன் தேவைக்குக் கலந்துகொண்டது, அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. நீலம் ஓடிய, குளிர்ந்த சாம்பல். இன்று ஓசூர் ஸ்டேஷனரிக் கடையிலும் கேட்டால் கிடைக்கும். மழைமேகத்துக்கும் மூடுபனிக்கும் வசதியாக இருப்பதால் ஆரம்பநிலை ஓவியர்கள் அதைத் தாராளமாக எடுத்துவிடுகிறார்கள். தளி ஏரிக்கரையை அதில் வரைந்தால் படம் வேறொரு தேசத்துக்குப் போய்விடும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் தாளின்மேலோ தட்டிலோ கலந்தால் வரும் சாம்பலைப் பாருங்கள். நீலத்தை ஒரு துளி கூட்டினால் தூரத்துக் குன்று, சியன்னாவை ஒரு துளி கூட்டினால் பக்கத்து மேட்டு நிலம். இரண்டே டியூபில் முழுக்காட்சியும் அடங்கிவிடும், எல்லாப் பகுதிகளும் ஒன்றோடொன்று உறவாகவும் இருக்கும்.

இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. பர்ன்ட் சியன்னா என்பது இரும்புச் சத்துள்ள மண்ணை வறுத்து எடுத்த நிறம். தளியின் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதும் அதே இரும்பு ஆக்சைடுதான். விரும்புகிறவர்கள் அந்த மண்ணிலேயே வண்ணம் செய்துகொள்ளலாம். ஒரு கைப்பிடி மண்ணைத் துணியில் சலித்துத் தண்ணீரில் கரைக்க வேண்டும். மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்துக்கு இறுத்து, ஓரிரவு தெளியவிட்டு, அடியில் படிந்த வண்டலை நிழலில் உலர்த்த வேண்டும். விரலிடையில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக்கூடாது. இருந்தால் மறுபடி கரைத்துத் தெளியவைக்க வேண்டும். பிறகு கருவேலம்பிசினை ஊறவைத்த நீரில் அதைக் கண்ணாடித் தட்டின்மேல் குழைத்து அரைத்து, வெடிக்காமலிருக்க ஒரு சொட்டுத் தேன் சேர்த்தால் நீர்வண்ணம் தயார். கடையில் வாங்கும் சியன்னாவைவிட இது கொஞ்சம் மந்தமான நிறம்தான், ஆனால் தளியின் மேட்டு நிலத்துக்கு அந்த மந்தம்தான் வேண்டும்.

இனி மூட்டம். தளிப் பக்கத்தில் கண்ணுக்குப் படும் மங்கல் ஒரே வகையானதல்ல. தெளிந்த நாளில் தெற்கே தெரியும் காட்டுமலைகள் நீலம் பூத்திருக்கும். காற்றிலுள்ள மிகச்சிறு மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் நமக்கும் மலைக்கும் நடுவே ஒரு நீலத்திரை விழுகிறது. தூரம் கூடக் கூட நிறம் வெளிறி நீலமாவதை லியோனார்டோ டாவின்சி தன் குறிப்புகளில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். மூடுபனியின் கதை வேறு. அதன் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும். அதனால் நீலம் வராது, வெண்சாம்பல்தான் வரும். மூன்றாவது தூசு. மாசி, பங்குனியில் கல்குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் லாரி ஓடும் மண்பாதைகளிலிருந்தும் எழும் புழுதி, சூரியன் இருக்கும் திசையில் மஞ்சள் பழுப்பாகத் தெரியும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் எல்லாக் காலைகளையும் ஒரே காலையாகத்தான் வரைவார்.

மார்கழி, தை மாதங்களில் தளியில் விடியற்காலைக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளத்தில் தேங்கும். ஆகவே மூடுபனி ஏரியிலும் தாழ்ந்த வயலிலும்தான் அடர்ந்து கிடக்கும், மேட்டில் மெலியும். ஆரம்பநிலை ஓவியர் மிக அதிகமாகப் பிசகும் இடம் இதுதான். குன்று என்றால் அடி அகன்று கனமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அடிவாரத்தை இருட்டாக்கி, உச்சியை வானத்தில் கரைத்துவிடுகிறார்கள். தளியின் தை மாதக் காலையில் நேர்மாறாக இருக்கும். குன்றின் உச்சி இருண்டு, விளிம்பு கூர்மையாக நிற்கும். அடிவாரம் வெளிறி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் வயலுக்குள் கரைந்திருக்கும். புளியமரத்துக்கும் இதே விதி. தலை திட்டமாகத் தெரியும், தண்டு பாதியில் காணாமல் போகும். உச்சியில் இட்ட நிறத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் கீழே இழுத்துக் கரைத்துவிட்டால் போதும். மூடுபனியைத் தனியாக வரைய வேண்டியதே இல்லை.

ஈரத்தாளில் வரையும்போது கவனிக்க வேண்டியது தாளின் பளபளப்பு. தண்ணீர் தளும்பும் கட்டத்தில் நிறம் எங்கு வேண்டுமானாலும் ஓடும். பளபளப்பு மெல்லக் குறைந்து பட்டுத்துணிபோல ஆகும் சில நிமிடங்களில் இடும் மரம்தான் மூடுபனியில் நிற்கும் மரமாகும். அது கடந்து தாள் மங்கிய பிறகு நீர் அதிகமுள்ள தூரிகையை வைத்தால், உள்ளிருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு ஓரம் ரம்பமாகப் படர்ந்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிப்பது காற்றிலுள்ள ஈரம். பங்குனியில் கண்மூடித் திறப்பதற்குள் உலர்ந்துவிடும். தை மாத விடியலில் முதல் வாஷ், அதாவது நீர்த்த நிறப்பூச்சு, உலரவே நெடுநேரம் பிடிக்கும், மொத்தமான பருத்தித் தாளானால் இன்னும் அதிகம். வரையப்படும் மூட்டமே வரைபவரின் தாளையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இதைப் பழக முடியாது.

இந்த வாஷ் முறை தமிழ்நாட்டுக்கு வந்த வழி பலருக்குத் தெரியாது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் 1884 முதல் பொறுப்பிலிருந்தவர் ஈ. பி. ஹாவெல். பின்னாளில் அவர் கல்கத்தாவுக்குப் போய் ஓவியர் அபனீந்திரநாத் தாகூருக்குத் துணைநின்றார். 1903இல் யோகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். கோடுகளைக் கரைத்து, மூட்டமும் ஈரமுமாக வரைந்ததற்காகத் தங்கள் நாட்டு விமர்சகர்களிடம் ‘மோரோதாய்’, அதாவது தெளிவில்லாத பாணி, என்று வசை வாங்கியவர்கள் அவர்கள். தாய்கான் அகன்ற தூரிகையால் படத்தை ஈரமாக்குவதைக் கவனித்த அபனீந்திரநாத், வரைந்த தாளையே தண்ணீரில் முக்கி எடுத்து, உலர்த்தி, மறுபடி நிறமிடும் முறையை உருவாக்கினார். அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைப் பள்ளியின் தலைமைக்கு வந்து 1957 வரை இருந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலையால் அவரைச் சிற்பியாகத்தான் நமக்குத் தெரியும். ஓவியராக அவர் கொண்டுவந்தது கல்கத்தாவும் ஜப்பானும் கலந்த இந்த ஈர மரபை. 1936இல் தந்தித் துறை வேலையை விட்டு அவரிடம் வந்து சேர்ந்த கே. சி. எஸ். பணிக்கர், நீர்வண்ண நிலக்காட்சிகளால்தான் முதலில் பெயர் பெற்றார்.

பிறகு பணிக்கரே வேறு திசையில் போனார். 1960களில் எழுத்தும் குறியீடும் நிறைந்த படங்களுக்கு வந்தார், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. இப்படி வளர்ந்த சென்னை ஓவிய இயக்கத்தின் சாதனைகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு நிலக்காட்சி என்பது நம் நவீன ஓவியத்தில் பயிற்சிக்கான ஒன்று, கற்றுக்கொண்டு கடந்துபோக வேண்டிய ஒன்று என்று ஆகிவிட்டது. காலண்டரும் பத்திரிகைச் சித்திரமும்தான் அதை வைத்துக் காப்பாற்றின. அதனால் ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டின் நிலம் மிக வேகமாக மாறிய அரை நூற்றாண்டில், அந்த மாற்றத்தைப் பொழுதோடும் ஒளியோடும் பார்த்து வரைந்த படங்கள் மிகக் குறைவு.

ஓசூர் வட்டாரம் அதற்குக் கண்முன் நிற்கும் சான்று. 1970களில் சிப்காட் வந்தது, மோட்டார் ஆலைகளும் கடிகார ஆலையும் தொடர்ந்தன. இப்போது மின்னணு ஆலைகள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரை வந்துவிட்டன. தளியைச் சுற்றி ரோஜாவும் ஜெர்பராவும் வளர்க்கும் பாலிஹவுஸ்கள் நிறைந்திருக்கின்றன. கொய்மலர்களுக்கான இந்திய-இஸ்ரேல் மகத்துவ மையமும் தளியில்தான் இருக்கிறது. ‘கிராமிய நிலக்காட்சி’ வரைய வருபவர்கள் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மாட்டுவண்டியைக் கற்பனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓவியமாகவே பார்த்தாலும் இது நஷ்டம். மூடுபனிக் காலையில் பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரைதான் காட்சியிலேயே மிக வெளிச்சமான இடம். அது வானத்தைவிடச் சற்றே வெளிறியிருக்கும், அதன் ஓரத்தில் மட்டும் ஒரு குளிர்ந்த கோடு ஓடும். தாளின் வெள்ளையை அங்கே மட்டும் தொடாமல் விட்டால், மற்ற சாம்பல்களெல்லாம் தங்கள் இடத்துக்கு வந்து சேரும். பாதி வெட்டப்பட்ட கல்குன்றின் செங்குத்தான வெளிர் முகமும் அப்படித்தான். மங்கலான படத்துக்கு இப்படி ஒரு வெளிச்சப் புள்ளியும், ஓர் இருண்ட புள்ளியும் வேண்டும். அவை இல்லையென்றால் படம் அழுக்காகத்தான் தெரியும்.

போனில் படம் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வரையலாமே என்று பலரும் கேட்பதுண்டு. இன்றைய போன் கேமராக்கள் மங்கலைக் குறையாகக் கருதித் தாமாகவே திருத்திவிடுகின்றன. இருட்டை வெளுப்பாக்கி, நிறத்தைத் தூக்கி, மூட்டத்தைக் கிழித்து உள்ளிருப்பதைக் காட்டுகின்றன. வரைய வேண்டியது எதுவோ அதைத்தான் அவை நீக்குகின்றன. கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது பழைய உபாயம், அதற்கு இணையான கருவி இன்னும் வரவில்லை. நிறங்கள் பின்வாங்கி, மூன்று அல்லது நான்கு படிகள் மட்டும் மிஞ்சும். வானமும் ஏரியும் ஒரு படி, தூரக் குன்று ஒரு படி, புளியந்தோப்பு ஒரு படி, கரையில் நனைந்த மண் ஒரு படி. உள்ளங்கை அளவுத் தாளில் பென்சிலால் இந்தப் படிகளை மட்டும் குறித்துக்கொள்ளாமல் தூரிகையைத் தொடக்கூடாது.

பொழுதையும் குறிக்க வேண்டும். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. ஆண்டைப் பெரும்பொழுதுகளாகவும் நாளைச் சிறுபொழுதுகளாகவும் பிரித்து, ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய பொழுதைக் கொடுத்தது. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். பொழுதில்லாத நிலம் நம் மரபில் கவிதைக்கே பொருளாகாது. ஓவியத்தில் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தவராக எனக்குத் தோன்றுபவர் ஜான் கான்ஸ்டபிள். 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் அவர் வரைந்த மேகப் பயிற்சிப் படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதியிருக்கிறார். தளியில் வரைபவர் மாதமும் மணியும் எழுதி, பனியா தூசா என்று ஒரு சொல் சேர்த்தால், சில பருவங்களுக்குள் இந்த ஊரின் ஒளிக்கு ஒரு பஞ்சாங்கமே அவர் கையில் சேர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வட்டாரத்துக்கு இறங்கும். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் இந்தக் காட்டுத் தொடரில்தான் இருக்கிறது. மூடுபனியில் சாம்பல் யானை சில அடி தூரத்திலும் தெரியாது. விடியற்காலையில் காட்டோரம் போவதற்கு முன் ஊர்க்காரர்களிடமோ வனத்துறையினரிடமோ கேட்டுக்கொள்வது கட்டாயம். அவர்கள் வேண்டாம் என்றால் ஏரிக்கரையோடு நின்றுவிட வேண்டும்.

ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மலை, சூரியன், தென்னை, குடிசை என்ற அந்தப் பாடப்படத்தை ஓராண்டு ஒதுக்கிவையுங்கள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஏழு மணிக்கு முன், பிள்ளைகளைப் பக்கத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். ஆளுக்கு இரண்டு நிறம் போதும், ஒரு நீலமும் ஒரு செம்மண்ணும். பாலிஹவுஸையும் செல்போன் கோபுரத்தையும் வரைய விடுங்கள். படத்தின் பின்னால் தேதியும் மணியும் எழுதச் சொல்லி, அந்தப் படங்களைப் பள்ளியிலேயே பத்திரப்படுத்துங்கள். இந்த நிலம் இப்படி இருந்தது என்பதற்கு நாளை அவையும் ஆவணம்.